படிப்புக்குப் படிக்கட்டு தடையா?

தென்னூரிலேயே உழவர் சந்தையை வைத்துக்கொண்டு, கத்திரிக்காய் வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவள் நான். இதற்காக எங்கள் வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. ஆனால் 2018-ஆம் வருஷம் ஆடி மாதம், அப்படிப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன்.

பக்கத்து ஸீட்டில், வெள்ளைக் கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது இருக்கும். பார்வையில்லாத பிள்ளைகள் பஸ்ஸில் நம்மிடம் பேச்சுக் கொடுத்தால், "இது எந்த ஸ்டாப்?" என்றுதான் கேட்பார்கள் என்பது என் நினைப்பு. அதனால் நானே முந்திக்கொண்டு, "எங்கேம்மா இறங்கணும்?" என்றேன்.

"நால்ரோடுங்கம்மா. அது எனக்கே தெரியும். உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?"

எனக்குச் சுருக்கென்றது. பத்தாவது பாஸ் பண்ணியவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா! "வரும்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து நாலு ஜெராக்ஸ் தாள்களை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு கிளாஸ் டெஸ்ட்டும்மா. ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அவங்கவங்க படிப்பு இருக்கு. நால்ரோடு வர்றதுக்குள்ள ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டுறீங்களா?"

படித்தேன். பஸ் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி சிந்து சமவெளி நாகரிகத்தைக் கத்திக் கத்திப் படித்தேன். முன் ஸீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தென்னூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. புத்தூர் நால்ரோட்டில் அவளோடு இறங்கி, ஒரு கடை நிழலில் நின்று மூன்றாவது பக்கத்தையும் முடித்துக் கொடுத்தேன். கீரை வாடிப் போயிற்று.

புத்தூரில், பார்வைத்திறன் குறையுடைய மகளிருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருப்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். அவள் அங்கே தங்கி, பிளஸ் டூ வரை படித்தவள். சொந்த ஊர் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். இதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால், என் மகன் பிறந்த நாளுக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கியிருக்கிற ஓர் இடத்தில் மதியச் சாப்பாடு போட்டிருக்கிறேன். கேசரி, வடை, அப்பளத்தோடு சாப்பாடு. எல்லாருக்கும் பரிமாறி, "வயிறு நிறைஞ்சுதா?" என்று கேட்டேனே தவிர, "என்ன படிக்கிறீங்க, எப்படிப் படிக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அவளே பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிரெயில் எழுத்து என்பது ஆறு புள்ளிகள். இரண்டு வரிசையாக, மூன்று மூன்று. இந்த ஆறில் எந்தெந்தப் புள்ளி மேடாக இருக்கிறது என்பதை வைத்து 63 விதமான வடிவங்கள் கிடைக்கும். லூயி பிரெயில் என்ற பிரெஞ்சுக்காரர், தாமும் பார்வையில்லாதவர், பதினைந்து பதினாறு வயதிலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டாராம். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் வந்தது. தமிழ் 'க'வுக்கும், ஹிந்தி 'க'வுக்கும், ஆங்கில 'கே'க்கும் ஒரே புள்ளிகள்தான். கெட்டிக் காகிதத்தைச் சட்டத்தில் மாட்டி, குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் மறுபக்கம் மேடாகி, இடமிருந்து வலமாகப் படிக்க வரும். கோலம் போடுகிற நமக்கே தலைகீழாகப் புள்ளி வைக்கச் சொன்னால் தடுமாறும். இந்தக் குழந்தைகள் ஐந்து வயதில் கற்றுக்கொள்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டில் இது புதிய சங்கதியும் இல்லை. 1890-லேயே ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பாளையங்கோட்டையில் பார்வையற்றவர்களுக்குப் பள்ளி தொடங்கினார். அதே ஊரில் அடுத்த சில ஆண்டுகளில் காது கேளாத குழந்தைகளுக்கு ஸ்வெய்ன்சன் அம்மையார் பள்ளி வைத்தார்.

இத்தனை வருஷப் பழக்கம் இருந்தும் எங்கே தகராறு வருகிறது? அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஸ்கூல்ல எல்லாருமே என்னை மாதிரிம்மா. டீச்சருக்குத் தெரியும், புக் பிரெயில்ல இருக்கும். காலேஜ்ல அறுபது பேர்ல நான் ஒருத்தி. சார் போர்டுல எழுதிட்டு, 'இதைப் பாருங்க, இதுல இருந்து இது வருது'ம்பார். எதுல இருந்து எது வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நல்ல சார்தான். திட்டவே மாட்டார். நான் கிளாஸ்ல இருக்கேன்ங்கிறது அவருக்கு ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான்."

சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் சேர்ந்ததாக இல்லை. அட்டெண்டன்ஸில் பேர் இருந்தது, பாடம் அவளிடம் வந்து சேரவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு அவள் மட்டும் காரணமல்ல. என் தங்கையும் காரணம்.

என்னைவிட நாலு வயது இளையவள் என் தங்கை. இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கியபோது வலது காலும் போயிற்று. இளம்பிள்ளை வாதம். இன்றைய இளம் தாய்மார்களுக்கு இந்தப் பெயரே தெரியாது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் கடைசி. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டைப் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தது. அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்தபோது என் தங்கை தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் ஐந்தாவது வரை என்னோடு நடந்து பள்ளிக்கூடம் வந்தவள். காலில் காலிபர் மாட்டியிருக்கும். நான் பையைத் தூக்கிக்கொள்வேன். படிப்பில் என்னைவிடக் கெட்டி. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்க அப்பா போனார். அங்கே ஆறாம் வகுப்பு மாடியில். தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. மரியாதையாக உட்கார வைத்துத்தான் பேசினாராம். "மாடி ஏறி இறங்கணும். கூட்டத்தில தள்ளிவிட்டா, விழுந்தா, யாருங்க பொறுப்பு? பெண் குழந்தை வேற." அப்பாவும், "அவங்க சொல்றதும் நியாயம்தானே" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான். என் தங்கையின் படிப்பு அன்றைக்கு முடிந்தது. அடுத்த வருஷமே தையல் மெஷின் வந்தது.

எத்தனையோ வருஷம் கழித்து எனக்குத் தோன்றிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அந்த வகுப்பைக் கீழே மாற்றினால் என்ன? கீழே எட்டாம் வகுப்பு இருந்தது. அதை மாடிக்கு அனுப்பிவிட்டு ஆறாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்திருந்தால் ஒரு காசு செலவில்லை. இருபது பெஞ்சுகளை நகர்த்தக்கூட வேண்டாம். பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தால் போதும். இது தலைமை ஆசிரியைக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. அதே கட்டடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. குழந்தையால் முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

இந்தச் சின்ன மாற்றத்தைத்தான் இன்றைக்குச் சட்டம் கேட்கிறது. 1995-ல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. முந்தைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள், இதில் 21. ஆட்டிசமும், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் கஷ்டம் போன்ற கற்றல் குறைபாடும் இதில் உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைத் திருப்பி அனுப்பக்கூடாது. கட்டடத்தையும் கழிப்பறையையும் அவர்கள் புழங்கும்படி வைக்க வேண்டும். அந்தந்தக் குழந்தைக்குத் தேவையானபடி தகுந்த வசதி செய்து தர வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 சதவீத இடம், சேருவதற்கு ஐந்து வயதுச் சலுகை. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த 5 சதவீதத்தைக் கட்டாயம் கடைப்பிடிக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது.

சட்டம் போட்டதும் சாய்தளம் தானாக முளைத்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும்தான். ஆனால் என் அப்பாவைப் போல, "அவங்க சொல்றதும் நியாயம்தானே" என்று தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டியதில்லை.

சரி, பஸ்ஸில் பார்த்த பெண்ணுக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் ஜெராக்ஸ் தாள்களோடு வந்தாள். படிப்பதை போனில் பதிவு செய்துகொண்டு ஹாஸ்டலில் மறுபடி மறுபடி கேட்பாள். முதல் நாள் நான் ரேடியோ நாடகம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, உணர்ச்சி வேண்டாம். பக்க நம்பர் சொல்லுங்க" என்றாளே பார்க்கலாம்!

படித்துக் காட்டுவதிலும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் புத்தகத்தின் பெயர், பாடத்தின் பெயர், பக்கம் சொல்ல வேண்டும். பக்கம் திருப்பும்போதெல்லாம் நம்பர். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் ஒருமுறை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சையில் பிழை வரும். அட்டவணை இருந்தால் முதலில், "மூன்று பத்தி, ஐந்து வரி" என்று சொல்லிவிட்டு வரிவரியாகப் படிக்க வேண்டும். படத்தை, "இங்கே ஒரு படம் இருக்கு" என்று தாண்டிவிடக் கூடாது. இந்திய வரைபடத்தை அவளுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு! கடைசியில் சப்பாத்தி மாவில் இந்தியா செய்து, கடுகை கங்கையாகவும் மிளகை காவிரியாகவும் பதித்துக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "திருச்சி எங்கேம்மா?" என்றாள். ஒரு ஏலக்காய் வைத்தேன்.

இன்னொரு விஷயம். பதிவு செய்யும்போது குக்கர் வைக்கக்கூடாது. எனக்கு அது மறந்துவிட்டது. பாதிப் பாடத்தில் நாலு விசில். அழித்துவிட்டுத் திரும்பப் படிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். "நாலாவது விசில் முடிஞ்சதும் முதலாம் பானிபட் போர், 1526. இனிமே எனக்கு மறக்கவே மறக்காது."

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் பற்றி நம் பத்திரிகைகளில் வந்ததைப் படித்திருப்பீர்கள். முற்றிலும் பார்வையில்லாத அவர் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்படி ஒருவர் அந்தப் பணிக்குப் போனது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும் மென்பொருள் அவருக்கு உதவியது. அதோடு, அவருடைய தாயார், நம்மைப் போல் வீட்டில் இருப்பவர், பேப்பரையும் புத்தகங்களையும் மணிக்கணக்காகப் படித்துக் காட்டியிருக்கிறார். எல்லாப் பெண்ணுக்கும் அப்படிப் படித்துக் காட்டக்கூடிய அம்மா வாய்ப்பதில்லை. எங்கள் பெண்ணின் அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

2019 நவம்பர் செமஸ்டரில் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. பார்வையில்லாதவர்கள் பரீட்சையில் வாயால் சொல்ல, வேறொருவர் எழுத வேண்டும் இல்லையா? வழக்கமாக வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல். "நீங்க வர்றீங்களாம்மா?" என்றாள். நான் எங்கே, கல்லூரிப் பரீட்சை எங்கே என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது: எழுதப் போகிறவர், பரீட்சை எழுதுபவரைவிட ஒரு படி குறைந்த படிப்புப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை. விடையை அவர் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாதே, அதற்காக. பத்தாவதோடு நின்றது வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு தகுதி ஆயிற்று! (இந்த விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு வேண்டுமானால் அந்தந்த வருஷத்து விதியைத் தேர்வு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

தனி அறையில் உட்கார வைத்தார்கள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு கேள்வி. "1809-ஆம் ஆண்டு" என்றாள். என் கை நின்றுவிட்டது. 1806! எத்தனை தடவை நானே படித்துக் காட்டியிருக்கிறேன்! வாய் வரைக்கும் வந்துவிட்டது. கண்காணிப்பாளர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்காவிட்டாலும் நான் சொல்லக் கூடாது. 1809 என்றே எழுதினேன். வயிற்றைப் பிசைந்தது. அரைப் பக்கம் போன பிறகு, "அம்மா, முதல் வரிக்குப் போங்க. ஆண்டை என்னன்னு எழுதியிருக்கீங்க?" என்றாள். வாசித்தேன். "அடிச்சுட்டு 1806-ன்னு போடுங்க." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு இவர்களுக்கு மணிக்கு 20 நிமிஷம் வீதம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி முடிந்து பெல் அடித்ததும் கண்காணிப்பாளர் வந்து பேப்பரை எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் அன்றைக்கு மட்டும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர். "எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றார். அரசாணை அவள் போனில் இருந்தது. போன் வெளியே பையில் இருந்தது. நான் வராந்தாவில் ஓடி, தலைமைக் கண்காணிப்பாளரைத் தேடிப் பிடித்து, அவர் ஃபைலைப் புரட்டி, பேப்பர் திரும்பி வருவதற்குள் இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது. கடைசிப் பத்து மார்க் கேள்வியில் பாதிதான் எழுத முடிந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் கோலை விரித்துக்கொண்டே, "விடுங்கம்மா, போன செமஸ்டர்ல நாற்பது நிமிஷம் போச்சு" என்றாள்.

அதைப் போய் முன்னேற்றம் என்று சொல்கிறாள் பாருங்கள்! வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடந்ததையெல்லாம் எழுதி, அவளும் விரல் ரேகை வைக்க, கல்லூரி முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த பரீட்சை முதல் அவளுடைய அறைக் கதவிலேயே, "கூடுதல் நேரம் ஒரு மணி" என்று ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு தகராறு இல்லை. 2021-ல் இதே மாதிரி, எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் கொடுக்காமல் பேப்பரை வாங்கிவிட்டார்கள் என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவளுக்கு உரியதைத் தராதது தவறு, தேர்வு நடத்துகிறவர்கள் பரிகாரம் யோசிக்க வேண்டும் என்று அந்த நவம்பரில் தீர்ப்பு வந்தது. பேப்பரில் படித்தபோது எனக்கு அந்த வராந்தா ஓட்டம்தான் ஞாபகம் வந்தது.

இளம் தாய்மார்களுக்கு இங்கே இரண்டு வார்த்தை. குழந்தைக்கு ஏதோ குறை என்று மனதில் பட்டால், "போகப் போகச் சரியாயிடும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். காது கேட்காத குழந்தைக்கு முதல் மூன்று வருஷம் பொன் போன்றது. சென்னையில் பால வித்யாலயா 1969 முதல் பச்சைக் குழந்தையிலிருந்தே பயிற்சி கொடுத்து, பிறகு சாதாரணப் பள்ளிகளில் சேர அனுப்புகிறது. மருத்துவச் சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்கி வையுங்கள். நம் வீடுகளில், "அந்த அட்டை வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று ஒளித்து வைக்கிற வழக்கம் இருக்கிறது. அது இல்லாமல் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை, ஒரு மொழிப் பாட விலக்கும் இல்லை. இவற்றுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுக்கு வந்தும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தெப்பக்குளம் பக்கம் ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் என்று ஒரு துறையே இருக்கிறது. பெண்கள் இதையே படிப்பாகப் படிக்கலாம்.

வகுப்பு டீச்சரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தயங்காதீர்கள். காது மந்தமான பிள்ளை என்றால், போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாமல் முகத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். உதட்டைப் பார்த்துத்தான் அது புரிந்துகொள்கிறது. பார்வை குறைவு என்றால், எழுதுவதை வாயாலும் சொல்லச் சொல்லுங்கள். இது மற்ற ஐம்பது பிள்ளைகளுக்கும் நல்லதுதானே! உங்கள் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லையென்றாலும், அதன் பக்கத்தில் அப்படி ஒரு குழந்தை உட்கார்ந்தால், "அதோட சேராதே, உன் படிப்புக் கெடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். சொல்கிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் தெருவிலேயே.

முன்பெல்லாம் ஊனமுற்றோர் என்போம். 2010 வாக்கில் தமிழக அரசு மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கொண்டு வந்தது. எது சரி என்று எங்கள் பெண்ணிடம் ஒரு நாள் கேட்டேன். "நல்ல பேருதாம்மா. கூடவே நோட்ஸும் கொடுத்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள்.

கொரோனாவில் ஹாஸ்டலை மூடியபோது அவள் ஊருக்குப் போய்விட்டாள். நான் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்புவேன். அங்கே மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனால்தான் சிக்னல் வருமாம். வரலாறு முழுவதையும் மாடுகளோடு சேர்ந்துதான் படித்தாள். 2021-ல் பி.ஏ. முடித்தாள். பி.எட். சேர்ந்தாள்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தைராய்டு தொந்தரவு. தொண்டை கட்டிக்கொண்டு அரைப் பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. என் தங்கை அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் ரவிக்கைக்குப் பட்டன் வைத்துக்கொண்டே நாங்கள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "கொடு, நான் படிக்கிறேன்" என்றாள். ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் மளிகைப் பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறிய மாட்டாள். நிதானமாக, கல் பொறுக்கிய அரிசி மாதிரி சுத்தமாகப் படித்தாள். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு அந்தப் பெண் என்னிடம், "கோவிச்சுக்காதீங்கம்மா. இனிமே சின்னம்மாவே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு வேலை போயிற்று!

2022 மார்கழியில் ஒரு சனிக்கிழமை. பி.எட். பாடங்களில் ஒன்று, எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய பள்ளியை எப்படி அமைப்பது என்பது பற்றியது. என் தங்கை காலிபரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். நடக்கச் சிரமப்படும் மாணவர் இருந்தால் அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்ற இடம் வந்தது. நிறுத்திவிட்டாள். போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏன் சின்னம்மா நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்லை." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அப்போ கீழே எட்டாம் கிளாஸ்தானே இருந்தது?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "பக்கம் நாற்பத்திரண்டு" என்று தொடர்ந்தாள்.

அந்தப் பெண் இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை எங்கள் வீட்டில் குக்கர் வைப்பதில்லை.